ஓவிய டீச்சரின் ஏழாவது பீரியட்

என் பிரியத்துக்குரிய ஜரினா அக்கா,

நம் பள்ளியின் ஆண்டு மலரில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி தலைமையாசிரியை என்னிடம் கேட்டார். "நீங்கதான் அவங்ககூட ரொம்ப வருஷம் இருந்தீங்க. நாலு நல்ல வார்த்தை எழுதுங்க, ஒரு போட்டோவோட போட்டுருவோம்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அகரத்துக்குத் திரும்பும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். சிரித்த முகம், பொறுமை, அழகான கையெழுத்து. அதற்கு மேல் ஓடவில்லை. மீதியை எழுத வேண்டுமென்றால் நான் என்னைப் பற்றித்தான் எழுத வேண்டியிருந்தது.

அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். நான் பொய் சொன்னது நாலு பேர் முன்னால். உண்மையை மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டு எப்படித் தப்புவது?

நீங்கள் இருந்தவரை உங்களை நான் அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. நீங்கள் என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஆனாலும் நான் உங்களுக்கு 'டீச்சர்', நீங்கள் எனக்கு வெறும் 'ஜரினா'. நான் நிரந்தர வேலையில் இருக்கும் கணக்கு ஆசிரியை. நீங்கள் வாரத்தில் மூன்று பிற்பகல் மட்டும் வந்துபோகும் பகுதிநேர ஓவிய ஆசிரியை. யார் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எந்த அரசாணையும் இல்லை. நாமாகவே அப்படிப் பழகிக்கொண்டோம். நான் வசதியாகப் பழகிக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி.

முதன்முதலாக நான் உங்கள் பீரியடைக் கேட்டது ஒரு காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். ஒன்பதாம் வகுப்புக்கு வடிவியல் பாதியில் நின்றது. வராந்தாவில் உங்களை நிறுத்தி, "ஜரினா, இன்னைக்கு ஏழாவது பீரியட எனக்குக் குடுத்துருங்க. பாடம் முடியல" என்றேன். "எடுத்துக்கங்க டீச்சர்" என்றீர்கள். கையில் சுருட்டி வைத்திருந்த சார்ட் தாள்களோடு அப்படியே ஆசிரியர் அறைக்குத் திரும்பிப் போனீர்கள்.

அடுத்த வாரமும் கேட்டேன். அரையாண்டு வந்தது, திருப்புதல் தேர்வுகள் வந்தன. கேட்காத வாரங்கள் குறைந்துகொண்டே போயின. பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன். நேராக வகுப்புக்குள் போவேன். நீங்கள் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் எதையாவது வரைந்துகொண்டிருப்பீர்கள். என்னைக் கண்டதும் டஸ்டரை எடுத்து நீங்களே அதை அழித்து, சுத்தமான பலகையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போவீர்கள். "இன்னைக்கு முடியாது டீச்சர்" என்று ஒருநாள் நீங்கள் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? தலைமையாசிரியையிடம் போய் நின்றிருப்பேன். அது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆசிரியர் அறையிலும் உங்களை யாரும் சும்மா விடவில்லை. விளையாட்டு விழாச் சான்றிதழ்களில் பெயர் எழுதுவீர்கள். மேடைக்குப் பின்னால் கட்டும் துணிக்கு எழுத்து வெட்டுவீர்கள். என் வகுப்புச் சுவரில் தொங்கிய கணக்குப் படங்கள் எல்லாம் நீங்கள் வரைந்தவை. பார்க்க வந்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள். நான் நன்றி சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

ஒன்பதாம் வகுப்பு பவானியை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை நான் உள்ளே வந்தபோது எல்லோரும் ஓவிய நோட்டை மூடிவிட்டார்கள். அவள் மட்டும் மூடவில்லை. ஒரு ஆடு வரைந்திருந்தாள். நின்றுகொண்டு பின்காலால் கழுத்தைச் சொறிய முயலும் ஆடு. "செத்த நேரம் டீச்சர், இந்த வால மட்டும் முடிச்சுக்கிறேன்" என்றாள். "வாலு பரீட்சையில வராது" என்று சொல்லி நோட்டைப் பிடுங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டேன். வகுப்பே சிரித்தது. நீங்கள் வாசலைத் தாண்டியிருக்கவில்லை. திரும்பிப் பார்த்தீர்கள். அப்படியே போய்விட்டீர்கள்.

அதோடு நின்றிருந்தால்கூட, அக்கா, இதெல்லாம் எந்தப் பள்ளியில்தான் நடக்கவில்லை என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன். உண்மையில் பல வருஷம் அப்படித்தான் தேற்றிக்கொண்டேன். ஓவியம், பாட்டு, தையல், விளையாட்டு என்று கால அட்டவணையில் என்ன எழுதியிருந்தாலும் தேர்வு நெருங்கினால் அது கணக்கும் அறிவியலும்தான். நம் பள்ளியின் பாட்டு டீச்சர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தை நிரப்பக் கேட்டு யாரும் ஒரு காகிதம்கூட அனுப்பவில்லை. இப்போது காலை வழிபாட்டுக்குப் பாட்டு செல்போனிலிருந்து வருகிறது. பிள்ளைகள் வாயை மட்டும் அசைக்கிறார்கள். நான் முன்வரிசையில் கைகட்டி நிற்கிறேன்.

ஆனால் அந்த ஆய்வு நாளை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தலைமையாசிரியை அறையில் நீங்கள், நான், அறிவியல் டீச்சர் மூவரும் நின்றோம். ஆய்வுக்கு வந்த அதிகாரி முதலில் என் பாடக்குறிப்பேட்டைப் பார்த்தார். புதன், வெள்ளி ஏழாவது பீரியட்களுக்கு நேராக 'சிறப்பு வகுப்பு' என்று எழுதியிருந்தேன். "நல்ல உழைப்பு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எந்த வகுப்பை எடுத்துக்கொண்டு அந்தச் சிறப்பு வகுப்பு நடந்தது என்று அவர் கேட்கவில்லை. பிறகு ஓவிய நோட்டுகளை வரவழைத்தார். புரட்டினார். ஒரு வருஷத்துக்கு ஐந்தாறு படம்தான் இருந்தது.

"என்னம்மா இது? வாரத்துக்கு ரெண்டு பீரியட் இருக்கே. மத்த நேரமெல்லாம் என்ன பண்ணுனீங்க?"

நீங்கள் பேசவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அவரும் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தீர்களா?

"பிள்ளைகளுக்கு இஷ்டமில்லையா?" என்று கேட்டார்.

அந்த அமைதியில் பேசியது நான். "ஆமா சார். இப்பல்லாம் பிள்ளைகளுக்கு ட்ராயிங்ல அவ்வளவா ஆர்வம் இல்ல" என்றேன்.

என்னை யாரும் கேட்கவில்லை. சும்மா இருந்திருந்தாலே போதும். ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். நீங்கள் வாய் திறப்பதற்கு முன்னால் ஒரு பதில் அங்கே இருந்துவிட வேண்டும் என்ற அவசரம். வேறு காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

வெளியே வந்ததும் தண்ணீர்த் தொட்டி அருகே கேட்டீர்கள். "ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க? பிள்ளைக அம்புட்டு ஆசையா இருக்குதுகளே."

"யாருக்கும் பிரச்சனை வரக்கூடாதுன்னுதான் ஜரினா" என்றேன்.

"சரி டீச்சர்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் அதைப் பேசவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. ஆர்வமில்லாத பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் எதற்கு? உங்கள் பணியிடத்தை எடுத்து குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்கள். வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் நடந்து வந்துகொண்டிருந்த நீங்கள், பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பஸ் மாறி, வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டியிருந்தது. போவதற்கு முந்தைய வாரம் நம் பள்ளி நுழைவாயிலில் அந்த வருஷத்துத் தேர்ச்சிப் பலகையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். கணக்கில் எல்லோரும் தேர்ச்சி. பாட ஆசிரியர் வளர்மதி. நீலப் பெயிண்டில் என் பெயரை எத்தனை ஒழுங்காக எழுதியிருந்தீர்கள். கை நடுங்கவே இல்லையா அக்கா?

உங்களுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று அறிவியல் டீச்சர்தான் சொன்னார். வந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு தடவை பேகம்பூர் வரைக்கும் வந்து, உங்கள் தெரு முனையிலிருந்து திரும்பிவிட்டேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. நீங்கள் "வாங்க டீச்சர்" என்று சிரித்துவிடுவீர்கள் என்று பயந்தேன்.

கடைசியில் நான் உங்கள் வீட்டுக்குள் வந்தது, நீங்கள் கண்மூடி, மௌத்தான அன்றைக்குத்தான்.

உள் அறையில் பாயில் எங்களை உட்கார வைத்தார்கள். என் பக்கத்தில் குஜிலியம்பாறையிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சர். பெயர் சகாயமேரி. அழுது முகம் வீங்கியிருந்தது. அவரும் கணக்கு டீச்சர் என்று தெரிந்ததும் மெதுவாகப் பேசத் தொடங்கினோம்.

"நான் அவங்ககிட்ட எத்தனையோ தடவ பீரியட் கேட்டுருக்கேன் டீச்சர். ஒரு தடவகூடக் குடுத்ததில்ல. எனக்குச் சில நேரம் கோவங்கூட வரும்" என்றார்.

"குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"மாட்டாங்க. ஒருநா சண்டையே போட்டுட்டேன். அப்பச் சொன்னாங்க, 'முன்னாடி இருந்த ஸ்கூல்ல கேக்கும்போதெல்லாம் தூக்கிக் குடுத்துட்டேன் மேரி. அந்தப் பிள்ளைகளுக்கு நான் பண்ணுனது துரோகம். இங்க பண்ண மாட்டேன்'னு. டயாலிசிஸ் பண்ணிட்டு மறுநா பஸ் ஏறி வருவாங்க. அப்பயும் பீரியட விடல."

"எடுத்துக்கிட்டது யாருன்னு சொன்னாங்களா?"

"அதெல்லாம் சொல்லல டீச்சர்."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நான் செய்த துரோகத்தை உங்கள் துரோகம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அங்கே ஒரு பள்ளிப் பிள்ளைகளுக்கு அதற்கு ஈடு செய்யவும் செய்தீர்கள். நான் செய்ய வேண்டியதை.

அதன் பிறகும் நான் உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நாலு மாதம் வாயைத் திறக்கவில்லை. போன மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்தது. பெற்றோர்கள் பதினைந்து பேர் போல வந்திருந்தார்கள். பூ மார்க்கெட்டுக்குச் சம்பங்கி கொண்டுவந்து போடும் பாண்டியம்மாள் எழுந்து, "இந்தப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித் தர ஒரு டீச்சர் கேளுங்கம்மா. முன்ன இருந்தாகளாம்ல" என்றார்.

தலைமையாசிரியை பழைய கோப்பை எடுத்து வாசித்தார். "மாணவியருக்கு ஓவியத்தில் ஆர்வம் இல்லை எனத் தெரிவிக்கப்பட்டது. அதனாலதான் எடுத்துட்டாங்கம்மா."

நான் சொன்ன பொய் அரசாங்கத் தமிழில் என் முன்னால் வந்து நின்றது.

"ஆர்வம் இல்லைன்னு யாரு சொன்னது?" என்றார் பாண்டியம்மாள். "எம்புள்ள பூக்கட பில்லு நோட்டு பின்பக்கம் பூராம் வரஞ்சு வச்சிருக்கா. அவுக அப்பாகிட்ட அதுக்கு அடியும் வாங்கிருக்கா. யாரு போய் இப்படிச் சொன்னது?"

எழுந்தேன். "நான்தான்" என்றேன்.

"வளர்மதி, உக்காருங்க" என்றார் தலைமையாசிரியை. உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி எழ மாட்டேன் என்று எனக்குத் தெரியும். பீரியடை எடுத்துக்கொண்டது, நோட்டில் சிறப்பு வகுப்பு என்று எழுதியது, நீங்கள் பேசாமல் நின்றது, நான் பேசியது எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் டீச்சர் அப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டார் பாண்டியம்மாள். கோபமே இல்லாமல் கேட்டார்.

"பிள்ளைகளுக்கு மார்க் வரணும்னுதான்" என்றேன். அப்புறம், "எனக்குப் பேரு வரணும்னும்தான்" என்றேன்.

பாண்டியம்மாள் கை கூப்பினார். "மார்க் வாங்கிக் குடுத்தீங்க, அதுக்கு உங்களக் கும்புடுறேன். ஆனா அது அந்த டீச்சரு பீரியட்டும் இல்ல, உங்க பீரியட்டும் இல்ல. எங்க பிள்ளைக பீரியட்டு. எடுக்கணும்னா பிள்ளைககிட்டல்ல கேட்டுருக்கணும்."

இத்தனை வருஷ வேலையில், நீங்கள் சொன்னதைச் சகாயமேரி சொல்லிக் கேட்ட பிறகும்கூட, இது என் புத்திக்கு எட்டவில்லை, அக்கா. உங்களிடமிருந்து எடுத்தேன் என்றுதான் இதுவரை வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். பவானி இப்போது எங்கே இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் எடுத்த கணக்கு மார்க் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

குழுத் தலைவர் நல்ல மனிதர்தான். அவர் ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், படம் வரஞ்சா, பாட்டுப் படிச்சா கணக்கு நல்லா வரும்னு சொல்றாங்களே, அத எழுதிக் கேக்கலாமா?"

"அப்படி எழுத வேண்டாம்ணே" என்றேன். "வரலாம், வராமலும் போகலாம். கணக்குப் படிச்சாப் பாட்டு நல்லா வருமான்னு நாம யாருமே கேக்குறதில்லையே. பிள்ளைகளுக்கு வேணும், அதனால வேணும்னு எழுதுவோம்."

அப்படியே எழுதினோம். ஓவியத்துக்கு ஒரு இடம், பாட்டுக்கு ஒரு இடம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பழைய அறிக்கையில் இருப்பது பொய், அதைச் சொன்னது நான் என்று தனியாக எழுதிக் கையெழுத்திட்டு அதோடு இணைத்தேன். தலைமையாசிரியை தயங்கினார். அவருக்கும் அதில் பங்கு உண்டு, அவருக்கும் பயம் உண்டு. ஆனாலும் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்.

அந்த வாரமே உங்கள் வீட்டுக்காரர் காதர் பாயைப் பார்க்க வந்தேன். தோல் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "வாங்க டீச்சரம்மா, உக்காருங்க" என்று டீ வரவழைத்தார். உங்களைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் சொல்லி முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குஜிலியம்பாறைக்குப் போட்டதும் நான் கேட்டேன், ஏன் புள்ள மாத்துனாகன்னு. 'இங்க பிள்ளைக கொறஞ்சு போச்சுங்க, அதான்'னா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே அவ."

"என்னைக் காட்டிக்குடுக்க வேண்டாம்னு நெனச்சிருப்பாங்க பாய்."

"இத எங்கிட்ட வந்து சொல்லி என்னம்மா ஆகப்போகுது? அவ இருக்கையில அவகிட்டல்ல சொல்லிருக்கணும்."

"ஆமா பாய்" என்றேன்.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதது நல்லது. டீ ஆறிப்போயிருந்தது. "ஆறிருச்சு, வேற போடச் சொல்றேன்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போதைய நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓவிய ஆசிரியர் இன்னும் வரவில்லை. ஆனால் அந்த இரண்டு பீரியடையும் யாரும் எடுக்கக் கூடாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். ஆள் வரும்வரை வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. எனக்கு ஒரு கோடு ஸ்கேல் இல்லாமல் வராது, உங்களுக்குத் தெரியும். ஒரு பூனை போடுங்க டீச்சர் என்று பிள்ளைகள் கேட்டார்கள். போட்டேன். "எலியா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். சிரித்துவிட்டு அவர்கள் பாட்டுக்கு வரைகிறார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறேன். அந்த நாற்பது நிமிஷம் பிள்ளைகள் பேசிக்கொள்ளும் குரலே வேறு மாதிரி இருக்கிறது. என் வகுப்பில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

நான் இணைத்த கடிதத்துக்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்திருக்கிறது. வரும் புதன்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தைத் தலைமையாசிரியையிடம் காட்டினேன். "ஆய்வு விஷயத்த மட்டும் எடுத்துருங்க வளர்மதி, மலர்ல போட்டுருவோம்" என்றார். எடுக்கவில்லை. மலரில் உங்கள் போட்டோ மட்டும் வரும். இதை வேறு இடத்தில் அச்சிடக் கொடுத்திருக்கிறேன்.

புதன்கிழமை போவேன், அக்கா. சொன்னதை மாற்றாமல் சொல்வேன். இந்தத் தடவை இடம் கிடைக்காவிட்டால் மறுபடி போவேன். எனக்கு இன்னும் நாலு வருஷம் வேலை இருக்கிறது. அதற்குள் எப்படியும் ஒருவர் வருவார். ஓவிய டீச்சரோ பாட்டு டீச்சரோ, பகுதிநேரமோ முழுநேரமோ. அவர் வந்து கையெழுத்துப் போடும் முதல் நாளே ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் ஒன்று சொல்வேன். உங்கள் பீரியடை யார் வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள், நான் வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று.

உங்களுக்குத் தங்கையாக இருந்திருக்க வேண்டிய,
வளர்மதி
அகரம்